மூன்றாம் மாடிக் கிளை

வீட்டில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து உயிருள்ள பவளம் வளர்க்கிறவர்களின் கடல் தொட்டிச் சங்கம் எங்களுடையது; அதில் ஒரு பழக்கம் உண்டு. மாதத்துக்கொருமுறை கிரேக்க உணவகத்தின் பின்னறையில் கூடும்போது, ஆளுக்கொரு புட்டியில் தங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீரைக் கொண்டு வருவார்கள். ஜாம் பாட்டில், இருமல் மருந்து பாட்டில், ஒருத்தர் பேரப்பிள்ளையின் பால் பாட்டிலில்கூடக் கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் கெர்னோட் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டு, நீலம் மஞ்சளாகும்வரை பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். வரி அலுவலகத்தில் பகல் முழுக்க ஊரார் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிற மனுஷன். சாயங்காலம் மட்டும் சும்மா இருப்பாரா?

நான் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். பவளத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் சோற்று மேசையில் தினமும் இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு, இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பவளம் தண்ணீரிலிருக்கிற சுண்ணாம்பை எடுத்துத்தான் உடம்பைக் கட்டுகிறது. எடுத்ததைத் திருப்பிப் போடாவிட்டால் தண்ணீரின் காரத்தன்மை குறைந்துபோகும். அதனால் ஒரு குட்டிப் பம்பு நாளெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சோடாக் கரைசலை விட்டுக்கொண்டே இருக்கும். கார அளவு ஆறு என்றால் ஆறிலேயே நிற்கட்டும், ஒன்பது என்றால் ஒன்பதிலேயே நிற்கட்டும். ஏறி இறங்கினால்தான் ஆபத்து. இதைச் சங்கத்தில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவரே எங்கள் வீட்டு மேதாவிதான்.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ரோஸ்விதா இருக்கிறாள். எங்கள் போட்ரோப் ஊரில் எனக்கு அவளைவிடப் பழைய சிநேகிதி கிடையாது. அவள் தொட்டி சின்னது, கண்ணாடி ஓரமெல்லாம் உப்புப் பூத்திருக்கும், விளக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் அதற்குள் ஒரு மான்கொம்புப் பவளம் இருந்தது பாருங்கள், இளஞ்சிவப்பில், இரண்டு கை சேர்த்து விரித்த அளவு. சங்கத்தில் யார் வீட்டிலும் அப்படி ஒன்று இல்லை. அவள் மகள் வென்க்கே பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது யாரோ தூக்கிப்போட்ட ஒடிந்த துண்டை வாங்கி வந்து ஒட்டி வளர்த்தது. ஆரம்பத்தில் குழந்தையின் பல் அளவுதான் இருந்தது, அதனால் பெயரே பால்பல். வென்க்கே இப்போது கீல் நகரத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் முதல் கேள்வி, "அம்மா, பால்பல் எப்படி இருக்கு?" அம்மாவின் இடுப்பைப் பற்றி அப்புறம்தான் கேட்பாள்.

எங்களிடையே இன்னொரு வழக்கமும் உண்டு. அருமையான பவளம் வைத்திருப்பவர்கள் அதில் ஒரு கிளையை ஒடித்து நம்பிக்கையான ஒருவர் தொட்டியில் வளர விடுவார்கள். நம் வீட்டில் செத்துப்போனாலும் அங்கே ஒன்று இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ரோஸ்விதா பால்பல்லின் ஒரு கிளையை எங்கள் தொட்டியில் வைத்தாள். சங்கத்து ஹார்ட்விக்குக்கும் ஒன்று கொடுக்கத்தான் போனாள். கெர்னோட்தான் சங்கத்தில் எல்லோர் முன்னாலும் தடுத்தார்.

"ஹார்ட்விக் தொட்டியிலயா? அங்க போட்டா ஊறுகாய்தான் ஆகும்! எங்கிட்ட இருக்கும்போது ரோஸ்விதா, உனக்கு வேற இடம் எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹார்ட்விக்கும் சிரித்தான், பாவம். ரோஸ்விதாவும் சரியென்று விட்டுவிட்டாள்.

அந்தக் கிளை எங்கள் தொட்டியில் நிலைக்கவில்லை. கெர்னோட் இன்றைக்கு உப்பை மாற்றுவார், நாளைக்குப் பம்பைக் கூட்டுவார், மறுநாள் குறைப்பார். எண் அழகாக வரவேண்டும் அவருக்கு. ஒரு ஈஸ்டர் சமயம் அது வெள்ளை எலும்பாகி நின்றது. "வேற ஒண்ணு தேடி வச்சுட்டுச் சொல்லிக்கலாம்" என்றார். தேடினார், அதே நிறம் கிடைக்கவில்லை. ரோஸ்விதாவுக்கு இடுப்பு தேய்ந்து, மூன்று மாடி ஏறி வந்து பார்க்கிற நிலைமையும் இல்லை. குடியிருப்பவர்கள் முறைவைத்துத் துடைக்கிற படியைத் துடைக்க நான் இறங்கும்போதெல்லாம் கதவைத் திறந்து கேட்பாள், "அல்முட், மேல இருக்கிற பிள்ளை எப்படி இருக்கு?" என்று. நான் துடைக்கிற துணியைப் பிழிந்தபடியே "வளருது, வளருது" என்பேன். முதல் தடவை சொன்னபோது நாக்கு கூசியது. அப்புறம் "நல்லா இருக்கீங்களா" என்றால் "நல்லா இருக்கேன்" என்பதுபோல் ஆகிவிட்டது. போன கிறிஸ்துமஸுக்கு, "உள்ளங்கை அளவு வந்துடுச்சு" என்று வேறு சொல்லிவைத்தேன். யார் கேட்டார்கள் அளவை?

இந்த இலையுதிர் காலத்தில் ரோஸ்விதாவுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அது முடிந்ததும் நடை பழக ஒரு மறுவாழ்வு விடுதியில் சில வாரம். போவதற்கு முந்தின கூட்டத்தில் அவளும் தன் ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்திருந்தாள். கெர்னோட் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆறு! ஆறுல நிக்குது! ரோஸ்விதா, உன் பவளம் பட்டினி கிடக்குது. வெறும் காய்ஞ்ச ரொட்டியப் போட்டு வளத்துட்டிருக்க."

"காய்ஞ்ச ரொட்டி தின்னே இவ்வளவு பெருசாச்சு. வெண்ணெய் தடவிக் கெடுக்கச் சொல்றியா?" என்றாள் அவள். கூட்டமே மேசையைத் தட்டிச் சிரித்தது. கெர்னோட்டும் சிரித்தார், ஆனால் காது சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

மறுநாள் சாவியைக் கொண்டுவந்து தந்தாள். "தீனி போடு, ஆவியாகிற அளவுக்கு நல்ல தண்ணி ஊத்து, அவ்வளவுதான். பம்பைத் தொடாத. எதையும் சரி பண்ணிடாத, கெர்னோட். அது அதோட போக்குல இருக்கட்டும். வென்க்கே புதுசாத் தொட்டி வச்சிருக்கா, என்னைக் கூட்டிட்டு வரும்போது ஒரு கிளை எடுத்துட்டுப் போவா. அதுக்காகத்தான் பிள்ளை காத்துக்கிட்டிருக்கு."

"என்னை யாருன்னு நெனச்ச?" என்று சாவியைத் தன் கொத்தில் மாட்டிக்கொண்டார்.

முதலில் ஒழுங்காகத்தான் இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன்.

"அது எதுக்கு? அவ தொடாதன்னு சொல்லிட்டுத்தானே போனா?"

"தொடறதுக்கில்ல. சும்மா பார்க்க."

பார்த்தார். ஆறு. உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் சோடாத் தூளைக் கரைத்து ஊற்றினார், பம்பையும் கூட்டி வைத்தார்.

"கெர்னோட், விட்டுத் தொலையேன்!"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. அவ வந்து பார்க்கறப்போ அசந்துபோகணும். சங்கத்துலயும் தெரியட்டும், காய்ஞ்ச ரொட்டியா வெண்ணெயான்னு."

அது நல்ல மனசா, வீம்பா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஆனால் வீம்புக்குத்தான் அன்றைக்குக் கை நீண்டது. ஆறிலேயே வருஷக்கணக்காக வாழ்ந்த பவளத்தை அவர் இரண்டே நாளில் ஒன்பதுக்கு இழுத்துவிட்டார். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் கூட்டத்தில் நிற்க வைத்துத் தோலை உரித்திருப்பார்.

தோல் உரிந்தது பால்பல்லுக்குத்தான். தீனி போடப் போனவர் உடனே திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. நான் உருளைக்கிழங்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அடியில் இளஞ்சிவப்புத் தோல் நனைந்த காகிதம்போலக் கிழிந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே வெள்ளை எலும்பு. மேல்கிளைகள் மட்டும் அப்போதும் நன்றாகவே இருந்தன.

எனக்கே தெரியும் என்ன செய்யவேண்டுமென்று. நோய் ஏறாத கிளைகளை வெட்டி எடுத்து வேறு தண்ணீரில் போட்டால் பிழைக்கும். சங்கத்தில் நூறு தடவை கேட்ட பேச்சு.

"வெட்டு," என்றேன். "மேல இருக்கிறத வெட்டி எடு. ஹார்ட்விக்கிட்ட கொண்டுபோய்ப் போடு, அவன் தண்ணி எப்பவும் ஒரே மாதிரி இருக்கும்."

"ஹார்ட்விக்கிட்டயா?"

"ஏன், கௌரவம் கொறஞ்சிடுமா?"

"அவன் என்ன ஆச்சுன்னு கேப்பான். அடுத்த கூட்டத்துல ஊருக்கே தெரிஞ்சுடும். வெட்டினா தழும்பு வேற இருக்கும், அவ வந்ததும் கண்டுபிடிச்சிடுவா. பொறு, தண்ணிய மாத்திப் பழையபடி ஆறுக்குக் கொண்டு வந்துடறேன். நின்னுடும்."

வாளி வாளியாகத் தண்ணீரை மாற்றினார். ஏற்றினதே தப்பு, ஏற்றின வேகத்தில் இறக்கினது அதைவிடத் தப்பு. நான் கத்தினேன், கெஞ்சினேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை. கத்தரியை நானே எடுக்கவில்லை. நாளெல்லாம் கத்தரி பிடிக்கிற கை இது. "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையைக் கட்டி நின்றேன். ஹார்ட்விக்கிடம் போனால் மேலே செத்த கிளையின் கதையும் வெளியே வருமே என்ற பயம் எனக்கும் இருந்தது, அதுதான் நிஜம்.

மறுநாள் காலையில் பார்த்தபோது நுனிவரைக்கும் வெள்ளையாக நின்றது. அழகாகக்கூட இருந்தது, அது ஒரு கொடுமை.

எடுத்துக் கடாசிவிடலாம் என்றார் கெர்னோட். "ஏன், இருந்ததே இல்லன்னு சொல்லப்போறியா?" என்று கேட்டேன். அதோடு அந்தப் பேச்சை விட்டார். அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. தொட்டியைப் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

ரோஸ்விதா வரும் நாளில் ப்ளம் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு அவள் வீட்டில் போய்க் காத்திருந்தோம். வென்க்கேவின் கார் வந்து நின்றது. ரோஸ்விதா ஊன்றுகோலோடு தத்தித் தத்தி வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. பின்னாலேயே வென்க்கே, கையில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. பவளத்தை வண்டியில் கொண்டுபோக எல்லோரும் வைத்திருக்கிற பெட்டிதான்.

ரோஸ்விதா கோட்டைக்கூடக் கழற்றவில்லை, நேரே தொட்டியிடம் போனாள். போனவள் அப்படியே நின்றாள். வென்க்கே அம்மாவின் தோள்மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ" என்றாள், சின்னப் பிள்ளைபோல.

"என்னாச்சு?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

கெர்னோட் தொண்டையைச் செருமினார். "பம்பு. பம்பு கோளாறாயிடுச்சு. நான் கவனிக்கறதுக்குள்ள..."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கேக்கைப் பார்த்தார்.

ரோஸ்விதா நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் கையை வைத்தாள். பிறகு, கேளுங்கள், அவள் எங்களைத் தேற்ற ஆரம்பித்தாள்.

"மெஷின்தானே, நீ என்ன பண்ணுவ? அந்தப் பழைய பம்பை நான்தான் எப்பவோ மாத்தியிருக்கணும். ஏன் ரெண்டு பேரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கறீங்க? உக்காருங்க. கெர்னோட், மூஞ்சியப் பாரு, பத்து நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி. இதுக்குத்தானே மேல ஒண்ணு வச்சிருக்கோம்! வென்க்கே, அழாதடி. அல்முட் என்ன சொன்னா? உள்ளங்கை அளவு வந்துடுச்சு. உனக்கு ஒரு கிளை, எனக்கு ஒரு கிளை. மறுபடி முதல்லேருந்து வளத்துட்டாப் போச்சு."

வென்க்கே மூக்கைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள். "வாங்க அங்கிள், இப்பவே எடுத்துக்கலாமா? சாயங்காலத்துக்குள்ள நான் கிளம்பணும்."

"வா," என்றார் கெர்னோட்.

வா என்றாரே! என் காதையே நான் நம்பவில்லை. முன்னால் அவர் படியேறினார், பின்னால் நான், அதற்குப் பின்னால் பெட்டியோடு அந்தப் பெண். ரோஸ்விதா தன் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அந்த வாரம் படி துடைக்கிற முறை என்னுடையது. காலையில்தான் துடைத்திருந்தேன், எலுமிச்சை வாசனை இன்னும் இருந்தது.

முதல் மாடி தாண்டியதும் கெர்னோட் தலையைத் திருப்பி என் காதில் கிசுகிசுத்தார். "நம்ம தொட்டியில கிருமி வந்திருக்குன்னு சொல்லிடு. இப்ப குடுத்தா அவ தொட்டிக்கும் ஒட்டிக்கும், அப்புறமாத் தர்றோம்னு. நீ சொன்னா நம்புவாங்க."

நீ சொன்னால் நம்புவார்கள். அவர் வேறு எது சொல்லியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன்.

கீழேயிருந்து ரோஸ்விதாவின் குரல் வந்தது. "அல்முட்! பெரிய கிளையா பார்த்து ஒடி! கஞ்சத்தனம் பண்ணாத!"

என் கால் நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"மேல ஒண்ணும் இல்ல," என்றேன்.

"என்ன?" என்றாள் வென்க்கே.

"மேல கிளை இல்ல, கண்ணு. அது எப்பவோ செத்துப்போச்சு. நான் பொய் சொல்லிட்டு இருந்தேன்."

எங்கள் மாடிப்படியில் ஒரு ஆள் தும்மினாலே எல்லா மாடிக்கும் கேட்கும். மெதுவாகத்தான் சொன்னேன், கீழே ஊன்றுகோல் ஒன்று தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

"பம்பும் கெட்டுப்போகல," என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. "இவர்தான் சோடாவ ஊத்தி ஏத்திவிட்டார். நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். மேல்கிளைய வெட்டியிருந்தா பிழைச்சிருக்கும், எங்களுக்கு வெட்கம், வெட்டல."

கெர்னோட் எனக்கு இரண்டு படி மேலே சுவரோடு ஒட்டி நின்றார். கழுத்துவரை சிவந்திருந்தது. வென்க்கே பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி இறங்கினாள். நாங்கள் மேலே வீட்டுக்கு ஓடியிருக்கலாம், அவ்வளவு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் பின்னாலேயே இறங்கினோம்.

ரோஸ்விதா வாசலில் ஒற்றை ஊன்றுகோலில் நின்றுகொண்டிருந்தாள். விழுந்த கோலை நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்போ செத்துச்சு, மேல இருந்தது?"

"போன வருஷம் ஈஸ்டர்ல."

"கிறிஸ்துமஸுக்கு உள்ளங்கை அளவுன்னு சொன்னியே."

அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கெர்னோட்டை அல்ல.

"அன்னிக்கே சொல்லியிருந்தா ஹார்ட்விக்கிட்ட ஒண்ணு குடுத்து வச்சிருப்பேனே, அல்முட்," என்றாள். "அவன் ரெண்டு தடவை கேட்டான். கெர்னோட்கிட்ட பத்திரமா இருக்குன்னு நான்தான் சொல்லி அனுப்பிட்டேன்."

அவ்வளவுதான். பிறகு கையை நீட்டினாள். "சாவி."

கெர்னோட் பையிலிருந்து கொத்தை எடுத்தார். அவள் சாவி எங்கள் சாவிகளுக்கு நடுவே மாட்டியிருந்தது. நகத்தால் வளையத்தைப் பிரிக்கப் பார்த்தார், வழுக்கியது. மறுபடியும் முயன்றார். சொட்டு மருந்தைக் கை ஆடாமல் விடுகிற விரல்களுக்கு அந்த வளையம் பிரியவே மாட்டேன் என்றது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் வென்க்கே பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "குடுங்க" என்று வாங்கி, தங்கள் சாவியைக் கழற்றிக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்கள். என் கேக் உள்ளேயே இருந்தது. அதைக் கேட்டு வாங்கவா முடியும்?

கெர்னோட் இப்போது சங்கத்துக்குப் போவதில்லை. தண்ணீரை ஹார்ட்விக் பார்க்கிறானாம். என் படி துடைக்கிற முறை மட்டும் வந்துகொண்டுதான் இருக்கிறது. மூன்றாம் மாடியிலிருந்து சத்தமாகத்தான் துடைத்து வருகிறேன். தரைத்தளம் வந்ததும் வாளியைக் கையிலேயே தூக்கிக்கொள்கிறேன், கீழே வைத்தால் சத்தம் கேட்கும், அவள் கதவைத் திறந்துவிடுவாளோ என்று. இதுவரை திறக்கவில்லை.